பதினோரு தோர்த்து

மேற்கே கடல், கிழக்கே உப்பாறு, நடுவே பந்து உதைக்க ஒரு மணல் திடல், மிச்சம் கிடந்த இடத்தில் வீடுகள் என்று அமைந்த ஊர் எங்கள் வெள்ளாங்கல்துறை. அங்கே பிள்ளைகள் நடக்கப் படிக்கும் முன்பே உதைக்கப் படித்துவிடுவார்கள், ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தை சாமியாரின் நெஞ்சில் உதைத்தால் எந்தக் காலால் உதைத்தது என்று தகப்பன் உற்றுப் பார்ப்பான், இடது கால் என்றால் அன்றைக்கு விருந்தில் ஒரு கறி கூடும். அந்த ஊரில்தான், கடலில் காணாமல் போன பதினேழு பேர் ஏழு வருஷம் கழித்து டிவியில் வந்து உட்கார்ந்தார்கள்.

தோர்த்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் துண்டு என்பதைத்தான் நாங்கள் தோர்த்து என்போம். சூசையப்பர் திருவிழாவை ஒட்டி எங்கள் திடலில் பத்து நாள் பந்தயம் நடக்கும், அந்தப் பத்து நாளும் ஆழ்கடலில் கிடக்கிற ஆண்களுக்காக வீட்டுப் பெண்கள் பலகையில் தோர்த்து விரித்து இடம் போட்டு வைப்பார்கள். போட்ட தோர்த்தில் பிறத்தியார் கை படக்கூடாது. இரண்டாம் பாதிக்கு விசில் ஊதும்வரை ஆள் வராவிட்டால் இடம் போயிற்று, யாரும் தட்டிவிட்டு உட்காரலாம். ஆனால் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டு, எழுந்து போகும்போது தன் கையாலேயே போட்டுவிட்டுப் போகிற தோர்த்துக்குக் கெடுவே கிடையாது, மழை பெய்தாலும் திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்தாலும் அது அவர் இடம், அவரே திரும்பி வந்துதான் எடுக்க வேண்டும். ஒருமுறை பக்கத்துத் துறைக்காரன் ஒருவன் அப்படிக் கிடந்த தோர்த்தைக் காலால் தள்ளப்போக, இரண்டு ஊருக்கும் மூன்று வருஷம் பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது. அதில் நிம்மதியாகத் தப்பித்துக்கொண்ட மாப்பிள்ளைகளும் உண்டு.

பதினேழு பேரும் ஒரே புயலில் போனவர்கள். ஒரு உடல்கூடக் கரைக்கு வரவில்லை, வெறும் பெட்டிகளைக் கல்லறைக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டதால் அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. அவர்களில் ததேயுஸ் என்பவன் அந்த முறை கடலுக்குப் போக வேண்டியவனே அல்ல. போக வேண்டியவன் அவன் தங்கை மெற்றில்டாவின் புருஷன் கஸ்மீர். கஸ்மீருக்கு அம்மை போட்டிருந்தது, வேப்பிலைமேல் படுத்திருந்தான், "நீ படுத்துக் கெட மச்சான், ஒனக்குப் பதிலா நான் போறேன்" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு மஞ்சள் சட்டையோடு போனவன்தான் ததேயுஸ். அம்மை இறங்கிய கஸ்மீர் அதற்குப் பிறகு சிரிக்காதவன் அல்ல, பேசாதவன் அல்ல, ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஓராள் இடம் விட்டுத்தான் உட்காருவான். மெற்றில்டா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொள்வாள். அவளுக்கு அண்ணன் போனான், புருஷன் பிழைத்தான், அழுதால் எதற்கென்றும் சிரித்தால் எதற்கென்றும் கேட்டுவிடுவார்களோ என்று ஏழு வருஷம் இரண்டையும் அளவோடு வைத்துக்கொண்டாள், பாவம்.

உலகப் பந்தயம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு கஸ்மீர் சுவர் அகலத்துக்கு ஒரு எச்.டி. டிவி வாங்கி வந்து மாட்டினான். புல்லின் நுனி தெரிந்தது, கோல்கீப்பரின் கையுறையில் நூல் பிரிந்திருந்தது தெரிந்தது, மழை பெய்தால் பார்க்கிறவர்கள் காலை மடக்கி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவும் செய்துவிட்டு மூன்றாம் நாளே அவன் சகாய மாதா போட்டில் இன்னும் பத்துப் பேரோடு ஆழ்கடலுக்குப் போனான், எப்படியும் முப்பது நாள் ஆகும்.

"டிவிய மாட்டிட்டு நீங்க போனா ஆரு பாக்க?" என்றாள் மெற்றில்டா.

"நீ பாரு. நானும் பைனலுக்கு வந்துருவேன்."

முதல் பந்தயத்துக்கு மெற்றில்டாவோடு உட்கார்ந்திருந்தது ததேயுஸின் மனைவி டெல்பின் மட்டும்தான். சாயங்காலம் ஐந்தரை மணி ஆட்டம், பச்சைச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள், காமிரா ஆட்டக்காரர்களை விட்டு கேலரிப் பக்கம் திரும்பியது, கொடி ஆட்டுகிற, முகத்தில் சாயம் பூசிய அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவே, தூணுக்குப் பக்கத்து வரிசையில், மஞ்சள் சட்டையும் இடுப்பில் கட்டம்போட்ட சாரமுமாக ததேயுஸ் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மற்ற பதினாறு பேர். சட்டை நனைந்திருக்கவில்லை. டெல்பின் கையிலிருந்த தேயிலைக் கிளாஸைக் கீழே வைத்தாள், சிந்தாமல்தான் வைத்தாள்.

"மெலிஞ்சு போனாவ, பாத்தியா" என்றாள்.

"முகம் சேவு பண்ணியிருக்காவ" என்றாள் மெற்றில்டா. இரண்டு பேரும் நாற்காலியை டிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் ஊரே வந்தது. அவரவர் வீட்டுப் பழைய டிவியில் பார்த்தால் கேலரி வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது, மெற்றில்டாவின் டிவியில் மட்டும் ஆள் ஆளாகத் தெரிந்தது. எனவே நாற்காலியும் பாயும் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தன, பதினேழு வீட்டுக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால், சும்மா பந்து பார்க்க வந்த ஆண்கள் ஜன்னலுக்கு வெளியே என்று இரண்டே நாளில் ஒழுங்கு ஏற்பட்டுவிட்டது. பங்குச் சாமியார் வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார், இறந்தவர்கள் இளைப்பாறுகிறார்கள் என்றுதான் வேதத்தில் இருக்கிறது, பந்தயம் பார்த்து இளைப்பாறக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, அன்று முதல் சாயங்கால ஜெபமாலையை ஐந்தே காலுக்கு முடித்துக் கொடுத்தார்.

அதுவரை பந்தைக் காலால் உதைப்பார்கள் என்பதற்குமேல் ஒன்றும் தெரியாத பெண்கள் ஒரே வாரத்தில் எல்லாம் படித்துக்கொண்டார்கள். கோல் விழுந்தால் காமிரா நிச்சயம் கேலரிக்குத் திரும்பும், கோல் தவறினாலும் திரும்பும், கார்னர் என்றால் பாதிக்குப் பாதி, ஆளை மாற்றினால் சந்தேகம். தொண்ணூறு நிமிஷம் காத்திருந்தால் மகனை மூன்று நொடியும், புருஷனை இரண்டு நொடியும் பார்க்கலாம். ஆகவே எந்த நாடு ஜெயித்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை, கோல் விழ வேண்டும், அவ்வளவுதான். பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்த ஒரு நீலச்சட்டை அணியை அவர்கள் வைத வசவுக்கு அந்த நாடு இன்னும் தலையெடுக்கவில்லை என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆண்கள் சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டாம் வாரத்தில்தான் டெல்பின் ஒன்றைக் கவனித்தாள். பந்து இடப்பக்கம் போனால் கேலரியில் உள்ள அத்தனை தலையும் இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் திரும்புகிறது, எங்கள் பதினேழு தலை மட்டும் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அவிய பந்து பாக்கல்ல" என்றாள் டெல்பின். "நம்மளத்தான் பாக்காவ."

இதைக் கேட்டு யாரும் பயந்துவிடவில்லை. பயந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எங்களுக்கு வந்ததெல்லாம் வெட்கம்தான், அடுத்த நாள் எல்லாரும் தலை சீவி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு காட்ட ஆரம்பித்தார்கள். அப்பன் போனபின் பிறந்த பிள்ளையைத் தூக்கிக் காட்டினார்கள், மகளின் கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டினார்கள், ஒருத்தி புதிதாக முளைத்த பேரனின் பல்லை உதட்டை விலக்கிக் காட்டினாள். அடுத்த முறை காமிரா திரும்பும்போது பல்லைப் பார்த்த தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அழுதோம், சந்தோஷமாகத்தான் அழுதோம், ஏழு வருஷமாக அழ இடமில்லாமல் வைத்திருந்த அழுகை.

கால் இறுதி நடந்த அன்று காலையில் சங்கக் கட்டடத்து வயர்லெஸில் சகாய மாதாவிலிருந்து செய்தி வந்தது. அத்தனை தூரத்துக்குப் போன் எட்டாது, போட்டிலிருந்து போட்டுக்குக் கைமாறித்தான் பேச்சு வரும். ததேயுஸ் வந்து உட்கார்ந்திருக்கிற சங்கதி அப்படியே கைமாறிக் கைமாறி கஸ்மீருக்கும் போயிருந்தது. அவன் சொன்னதை நடுவிலிருந்த போட்டுக்காரன் இரைச்சலோடு திருப்பிச் சொன்னான்: "பைனலுக்கு வந்துருவோமாம். பதினோரு பேருக்கும் இடம் போட்டு வைக்கணுமாம். கஸ்மீருக்கு அவன் மச்சான் பக்கத்துல வேணுமாம்."

பிழை அப்போதுதான் நடந்தது, அதை எங்கள் ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கடலில் கிடக்கிறவன் இடம் போடச் சொன்னால் வெள்ளாங்கல்துறைப் பெண் வேறென்ன செய்வாள்? பந்தயம் தொடங்கியதும், காமிரா நேராகக் கேலரியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மெற்றில்டா முன்வரிசையில் பதினோரு நாற்காலியை நகர்த்திப் போட்டு, பதினோரு தோர்த்தை உதறி உதறி ஒவ்வொன்றாக விரித்தாள். டிவிக்கு மிக அருகில், ததேயுஸின் முகம் வழக்கமாகத் தெரிகிற மூலையை ஒட்டி, கஸ்மீருக்கான நீலக்கரைத் தோர்த்தைப் போட்டாள். விரித்த சுருக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டபடி டிவியைப் பார்த்து, "ஒங்க மச்சானுக்குத்தான், அண்ணே" என்றும் சொன்னாள்.

அரை இறுதியில் பதினெட்டாவது நிமிஷம் கோல் விழுந்தது. காமிரா திரும்பியது. எங்கள் பதினேழு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு இடப்பக்கம் பதினோரு இருக்கைகள் காலியாக இருந்தன, அத்தனை கூட்டத்தில் யாரும் உட்காராமல் அந்தப் பதினோரு இருக்கையிலும் தோர்த்து விரித்திருந்தது. ததேயுஸை ஒட்டிய இருக்கையில் நீலக்கரை. அவன் அதன் சுருக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே நின்ற ஆண்கள்கூட கோலுக்குக் கத்தவில்லை. மெற்றில்டா எழுந்து போய் முன்வரிசையிலிருந்த பதினோரு தோர்த்தையும் வாரிச் சுருட்டி அடுக்களையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டுமென்றே கையை விரித்து டிவிக்குக் காட்டினாள். அடுத்த கோலுக்குக் கால் மணி நேரம் ஆனது. காமிரா திரும்பியபோது அங்கே பதினோரு தோர்த்தும் போட்டது போட்டபடி கிடந்தது.

"டிவியக் களத்தி வெளிய எறிவோம்" என்றாள் மெற்றில்டா. "எனக்கு ஆளு வேணும். அண்ணன் போனது போனதுதான், இவிய எனக்கு வேணும்."

டெல்பின் டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "ஒனக்கு ஒன் ஆளு கடல்ல இருக்கு. எனக்கு என் ஆளு இதுலதான் இருக்கு. தொட்டா பாத்துக்க."

"ஒங்காளு எங்காளக் கூப்புடுகாவ மைனி."

"கூப்புடல்ல. இடம் போடுகாவ. நீ போட்டதப் பாத்துத்தான் போட்டாவ, கெட்டது நெனைக்கத் தெரியுமா அவியளுக்கு?"

அதுதான் எங்களையெல்லாம் கலங்கடித்தது. பேய் என்றால் மந்திரிக்கலாம், பகை என்றால் சண்டைக்குப் போகலாம், இது எங்கள் ஊர் மரியாதை, எங்கள் கையிலிருந்தே படித்துக்கொண்ட மரியாதை, இதை என்ன செய்வது? சாமியார் டிவிமேல் தீர்த்தம் தெளித்தார், ரொம்பத் தெளிக்காதீர்கள் என்று யாரோ பயந்து தடுத்தார்கள். வயர்லெஸில் சகாய மாதாவை மூன்று நாள் கூப்பிட்டார்கள், பைனலுக்காக அவசரப்பட வேண்டாம், எந்தத் துறைமுகம் கிட்டக்க இருக்கிறதோ அங்கே ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்லப் பார்த்தார்கள். நடுவிலிருந்த போட்டுகள் கரைக்கு வந்துவிட்டதால் பேச்சைக் கைமாற்ற ஆளில்லாமல் போயிற்று. பைனல் அன்று மதியத்தில் காற்று தெற்கே திரும்பியது, கடல் தேங்காய்ப்பால் கொதிக்கிற நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

எங்களுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வழிதான். பைனலுக்கென்று போட்ட இடம், அதன் இரண்டாம் பாதி விசில். வராதவனுக்குப் போட்ட தோர்த்துக்கு அதுவரைதான் கெடு, அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களும் வெள்ளாங்கல்துறைக்காரர்கள்தான், ஊர் வழக்கத்தை மீற மாட்டார்கள். அந்த விசில்வரை சகாய மாதாவின் பதினோரு பேரும் அந்த இருக்கைகளில் போய் உட்காராமல் இருந்துவிட்டால் போதும். ஆகவே ஊரே முழங்காலில் நின்று ஒரு பந்தயத்தின் முதல் பாதி சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. கோல் விழ வேண்டும் என்று யாரும் வேண்டவில்லை, இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

கோல் விழவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களும் சிவப்புச் சட்டைக்காரர்களும் நாற்பத்தைந்து நிமிஷம் நடுத்திடலிலேயே முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறே காலுக்கு முதல் பாதி முடிந்து ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் காமிரா மெதுவாகக் கேலரியைச் சுற்றி வந்தது, தூணுக்கு வந்தது. பதினோரு தோர்த்தும் இருந்தது. பதினோரு இருக்கையும் காலி. மெற்றில்டா டிவியில் மூக்கு படுகிற அளவுக்குப் போய் நின்றாள்.

"அண்ணே" என்றாள், "நீங்க அவியளுக்குப் பதிலாப் போனிய. அது எனக்கு மறக்கல்ல. ஏழு வருஷத்துல ஒரு நாள் நான் வாய்விட்டுச் சிரிச்சது கெடையாது. அதுக்குமேல என்னட்ட கேக்காதிய. எடுத்துருங்க அண்ணே."

ததேயுஸ் அவளைப் பார்த்தான். தலையை அசைக்கவும் இல்லை, கையைத் தோர்த்திலிருந்து எடுக்கவும் இல்லை. பிறகு விளம்பரம் வந்துவிட்டது, பதினைந்து நிமிஷம் சோப்பும் பைக்கும் பல்பொடியும் மாறி மாறி வந்தன, அந்தப் பதினைந்து நிமிஷம்போல் ஒரு நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

விசில் ஊதியது. நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். கொஞ்ச நேரத்திலேயே சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் கோல் போட்டான், காமிரா கேலரிக்குத் திரும்பியது, ஆனால் அந்தப் பக்கத்துக் கேலரிக்கு. அடுத்த கோலுக்கும் அந்தப் பக்கம்தான். கடைசியில் ஒருமுறை, கோப்பையைத் தூக்கும்போது, வெகு தூரத்திலிருந்து எங்கள் பக்கம் தெரிந்தது. தோர்த்து கிடந்த வரிசையில் யார் யாரோ முகத்தில் சாயம் பூசியவர்கள் உட்கார்ந்து கொடி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா இருக்கையும் நிறைந்ததா, ஒன்றிரண்டு மிச்சம் இருந்ததா என்று எண்ணுவதற்குள் வாணம் விட்டுவிட்டார்கள். தட்டிவிட்டுட்டாவ, இடம் போச்சு என்று வெளியிலிருந்து ஆண்கள் கத்தினார்கள். இடம் போனதற்கு ஊர் சந்தோஷப்பட்டதும் அதுதான் முதல் தடவை.

மறுநாள் உச்சி வேளையில் சகாய மாதா முகத்துவாரத்தில் தெரிந்தது. மெற்றில்டா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று தலைகளை எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்று. கோயில் மணியை யாரோ அடிக்க ஆரம்பித்தார்கள், டெல்பின்கூட அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போட்டை ஓட்டி வந்த ஸ்ராங்கு சிலுவையப்பன்தான் முதலில் இறங்கினான். அவன் முகம் சரியாக இல்லை. "நேத்து ஆறே காலு இருக்கும். ஒரு அல அடிச்சு கஸ்மீரத் தூக்கிட்டுப் போச்சு. வளஞ்சு வளஞ்சு தேடுனோம், ஆளக் காணல்ல. ஆறரைக்கு, நாங்க குருசு வரைஞ்சாச்சு, போட்டுக்கு அந்தப் பக்கமா தானாவே ஏறி வந்து நிக்கான். தல நனையல்ல பாத்துக்க."

கஸ்மீர் தண்ணீரில் நடந்து வந்தான். முகத்தில் ஏழு வருஷமாக இல்லாத தெளிவு இருந்தது. மெற்றில்டா இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்தாள். முடியில் அப்போதுதான் வெட்டிய பசும்புல்லின் வாசனை அடித்தது, எங்கள் ஊரில் மணல்தான் உண்டு, புல் முளைத்து யாரும் பார்த்ததில்லை. அப்போதுதான் அவள் கவனித்தாள். கடலுக்குப் போனால் குளிக்கும்போதுகூட அவிழ்க்காத தோர்த்துத் தலைக்கட்டு அவன் தலையில் இல்லை.

"ஒங்க தோர்த்து எங்க?" என்றாள்.

"மச்சானக் கண்டேன்" என்றான் கஸ்மீர். "இரு மச்சான்னு சொன்னான். பக்கத்துல கொஞ்ச நேரம் இருந்தேன். ரெண்டாம் பாதி தொடங்கப்போகுது, வீட்டுல தேடுவாவன்னு சொன்னேன். போயிட்டு வான்னான், சிரிச்சுட்டேதான் சொன்னான்."

"தோர்த்து எங்கன்னு கேட்டேன்."

"சும்மா எழும்பி வந்தா பிறத்தியார் இருந்திருவாவல்லா?" அவன் அவள் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டான். "அதான் தலைல கெடந்தத அவுத்து என் கையாலயே இடம் போட்டுட்டு வந்தேன்."

கோயில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மெற்றில்டாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்ட டெல்பின், உலகத்தில் எந்தப் பந்தயம் எந்த மாதம் என்று இப்போது மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கிற டெல்பின், யாரும் கேட்காமலேயே, கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அடுத்தது ஆனி மாசம்."